வீடு வாங்குவோரும் தரகரும்

“வீட்டைக் கட்டிப்பார், கலியாணம் பண்ணிப்பார்” என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒருவன் வாழ்நாளிலே பெரும்பொருள் கரையும் செயல்கள் இவ்விரண்டே என்பதும், பொருளோடு மனவமைதியும் உடன் கரையும் என்பதும் அதன் கருத்தாம். இவ்விரண்டிற்கும் வேறோர் ஒப்புமையும் உண்டு. வரன் தேடுவார்க்கும் வீடு தேடுவார்க்கும் இடைநின்று பேசுவார் ஒருவர் வேண்டப்படுகின்றார். அவரே தரகர். கலியாணத் தரகரைப் பற்றி நாடகங்களும் கதைகளும் நிரம்பப் பேசியுள்ளன. வீட்டுத் தரகரைப் பற்றியோ மக்கள் இரண்டே சொற்களிற் பேசி முடித்துவிடுகின்றனர். காரியம் நன்கு முடிந்தால் “நல்ல மனிதர்” என்பர். முடியாவிடின் “ஏமாற்றிவிட்டான்” என்பர். இவ்விரண்டு தீர்ப்புக்கும் இடையே ஆராய்ந்து அறியத்தக்கது ஒன்றுண்டு. அதனைக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரி மாணவர்க்கு இஃது எற்றுக்கு எனின், கூறுதும். நம்மிற் பலருடைய பெற்றோர் ஆசிரியராகவும், எழுத்தராகவும், சிறு வணிகராகவும் உழைத்து, ஓய்வு பெறுங்கால் கைக்கு வரும் தொகையைக் கொண்டே ஒரு வீட்டை வாங்க எண்ணுகின்றனர். முப்பது ஆண்டு உழைப்பின் பயன் ஒரு நாளிலே, ஒரு கையெழுத்திலே, பிறர் கைக்கு மாறிவிடுகின்றது. துணி வாங்கிப் பிழை நேர்ந்தால் மறுமுறை திருத்திக்கொள்ளலாம். வீடு வாங்குவதிலோ பெரும்பாலார்க்கு மறுமுறை என்பது இல்லை. அந்நாளிலே படித்த மகனையோ மகளையோ அருகில் வைத்துக்கொள்ளப் பெற்றோர் விரும்புவர். ஆதலின், நண்பர்காள், இதனைப் பொழுதுபோக்காக அன்றிக் கடமையாகவே கருதிப் படிக்குமாறு வேண்டுகின்றேன்.

தரகின் பழமை

தரகு என்பது இன்று நேற்றுத் தோன்றிய தொழிலன்று. பல்லவ மன்னர்தம் செப்பேடுகளிலே வரிகளின் பெயர்கள் அடுக்கிக் கூறப்படும் இடத்துத் தரகும் ஒன்றாக எண்ணப்படுகின்றது. தரகுக்கு வரி விதிக்கப்பட்டமையின், அந்நாளிலேயே அஃது ஊரறிந்த தொழிலாயும் வருவாய் உள்ளதாயும் இருந்தமை பெறப்படும். மாட்டுச் சந்தைகளிலே தரகர்கள் துண்டொன்றைக் கைமேற் போர்த்து, அதன் கீழே விரலைத் தொட்டு விலை பேசும் வழக்கத்தை நம்மிற் சிலர் கண்டிருத்தலும் கூடும். சூழ நிற்பார்க்கு விலை தெரியாதிருத்தலே அம்முறையின் பயன்.

வீட்டுத் தரகர் செய்யும் உதவிகள் பல. எத்தெருவில் எவ்வீடு விலைக்கு வரவிருக்கின்றது என்பதை அவர் முன்னரே அறிவர். உடையவர் எந்த நெருக்கடியால் விற்கின்றார், எத்தனை நாளிற் பணம் வேண்டும் என்பதும் அவர்க்குத் தெரியும். நேரிற் பேசினால் முகம் சுளித்துப் பிரிந்துவிடும் இருவரை, ஒருவர் சொல்லின் கடுமையைக் குறைத்து மற்றவர்க்கு உரைத்து, இணக்கத்துக்குக் கொண்டுவருவதும் அவர் திறமையே. பத்திர நகல்களை வாங்கித் தருதல், வீட்டைத் திறந்து காட்டுதல், சார்பதிவாளர் அலுவலகத்தில் நாள் குறித்தல், சாட்சிகளை வரச்செய்தல் முதலிய அலைச்சல்களும் அவர்க்கு உரியன. வெளியூரிலிருந்து வருவான் ஒருவன் இவற்றைத் தனித்துச் செய்யப் புகின் பல திங்கள் கழியும். ஆகவே தரகர் பெறும் கூலி வீண் கூலியன்று.

வாயில்கள்

நிற்க. இலக்கணம் பயில்வார்க்கு இவ்விடத்தே ஒரு நினைவு எழும். தொல்காப்பியம் கற்பியலிலே தோழி, பாங்கன், பாணன் முதலிய பன்னிருவரை வாயில்கள் எனக் கூறுகின்றது. தலைவன் தலைவியர்க்கு இடையே சென்று பேசுவார் வாயில்கள் எனப்பட்டனர். பாணன் வந்து தலைவனைப் புகழ்ந்தால் தலைவி அச்சொல்லை அவ்வாறே ஏற்பதில்லை. வந்தவன் எவர் விடுத்து வந்தவன் என்பதை அவள் நன்கு அறிவாள். அதனாலேயே வாயில் மறுத்தல் என்பதும் ஒரு துறையாயிற்று. வாயிலாக வந்தவனை அவள் பகைப்பதும் இல்லை; அவன் சொல்லைத் தன் அறிவுக்கு மேலாக வைப்பதும் இல்லை.

வீடு வாங்குவோனும் முதன்முதற் கேட்க வேண்டிய வினா இதுவே: “ஐயா, தாங்கள் எவர் பக்கத்தவர்?” தரகர் விற்பவரிடம் மட்டும் தரகு பெறுகின்றாரா, வாங்குபவரிடம் மட்டும் பெறுகின்றாரா, இருவரிடமும் பெறுகின்றாரா என்பதை வீடு பார்க்கும் முன்னரே வெளிப்படக் கேட்டல் வேண்டும். நம் ஊர்களிலே இரு பக்கத்தும் பெறுவது பெருவழக்கு. அது குற்றமும் அன்று. ஆனால் இருவர்க்கும் உரியவர் ஒருவர்க்கே காவலராதல் இயலாது என்பதை மறத்தல் ஆகாது. நம் ஒருவர்க்கே உரியவர் என எண்ணி, “எட்டு இலட்சம் வரை கூடுதலாகக் கொடுக்க அணியமாக இருக்கின்றோம்” என அவரிடம் உள்ளத்தைத் திறந்து வைப்பவர், அச்சொல்லை விற்பவர் காதிலேயே போட்டவராவர்.

தரகர் நலன் எங்கே உள்ளது?

இனி, இக்கட்டுரையின் தலையாய செய்திக்கு வருவோம். இதனை ஒரு கணக்கினால் விளக்குதல் எளிது. ஒரு வீட்டின் விலை 60 இலட்சம் ரூபாய் எனவும், தரகு நூற்றுக்கு ஒன்று எனவும் கொள்வோம். தரகர் பெறுவது 60,000 ரூபாய். வாங்குவோன் பேசிப் பேசி விலையை 57 இலட்சமாகக் குறைத்துவிட்டான். அவனுக்கு மிச்சம் 3 இலட்சம். தரகர்க்கு நட்டமோ வெறும் 3,000 ரூபாய். 60,000 பெற வேண்டியவர் 57,000 பெறுவார். ஆகையால் விலை சிறிது குறைவதனைத் தரகர் பெரிதாக எண்ணுவதில்லை. காரியம் விரைந்து முடியுமாயின் விற்பவரை இறங்கி வருமாறும் அவரே வற்புறுத்துவர். வாங்குபவரை ஏறி வருமாறும் அதே ஊக்கத்தோடு வற்புறுத்துவர்.

இனி வேறொரு நிலையை எண்ணிப் பார்மின். அதே வீட்டின் பத்திரத்திலே ஒரு குறை உளது. விற்பவரின் தந்தை பெயரில் இருந்த சொத்து அது. உடன்பிறந்தாள் ஒருத்தியின் கையெழுத்து இல்லை. இக்குறை வெளிப்பட்டு விற்பனை நின்றுவிடுமாயின் தரகர்க்கு நட்டம் 3,000 அன்று. 60,000 முழுமையும் போம். இரு பக்கத்தும் பெறுபவராயின் 1,20,000 போம். மாதக்கணக்காக அலைந்த அலைச்சலும் வீணாம். ஆதலின் விலையைக் குறைப்பதற்குத் தரகர் நமக்குத் துணைவருதல் கூடும்; குறையைத் தேடுவதற்கும் அவரே துணைவருவார் என எதிர்பார்த்தல் அவர்க்கு நாம் செய்யும் கொடுமையாகும். தம் சோற்றைத் தாமே தட்டிவிடுமாறு ஒருவரை ஏவுதல் போல்வது அது. தரகருடைய நலன் விற்பனை முடிதலில் உள்ளது. வாங்குவோன் நலன் விற்பனை செம்மையாக இருத்தலில் உள்ளது. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒருவழிச் செல்வன. பிரியும் இடம் ஒன்றே. அவ்விடத்தே வாங்குவோன் தன் கண்ணையே நம்புதல் வேண்டும்.

அங்ஙனமாயின் குறையைத் தேடித் தருவார் யார்? விற்பனை முடியினும் முடியாவிடினும் தமக்குரிய ஊதியத்தைப் பெறுபவரே அதற்கு உரியவர். அவர் சொத்து வழக்குகளிற் பழகிய வழக்கறிஞர். பத்திரம் நன்று என்றாலும் தீது என்றாலும் அவர் கட்டணம் ஒன்றே. ஆகவே அவர் சொல்லிலே ஒரு பக்கச் சாய்வுக்கு இடம் குறைவு. ஆனால் அவரை வாங்குவோன் தானே தேடிக்கொள்ளல் வேண்டும். “நமக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார், அவரே பார்த்துவிடுவார்” எனத் தரகர் கூறுமிடத்து, நன்றி கூறிவிட்டு வேறொருவரிடம் செல்லுதலே அறிவுடைமை. வங்கிக் கடன் பெறுவார், வங்கியின் வழக்கறிஞர் பார்த்துவிட்டார் என அமைதி கொள்கின்றனர். அவர் பார்ப்பது வங்கியின் கடனுக்கு ஈடு உண்டா என்பதற்காக. அதனால் நமக்கும் பயன் உண்டு. எனினும் அதுவே போதும் என்று இருந்துவிடுதல் தகாது.

சட்டம் கூறுவன

தரகரைப் பற்றிச் சட்டம் வாய் திறவாது இருக்கின்றது எனப் பலர் எண்ணுகின்றனர். அது பிழை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒருவர் பொருட்டு மற்றொருவர் செயலாற்றும் முகமை முறையைத் தனி இயலாகவே விளக்குகின்றது. முகவர் தம்மை அமர்த்தியவர் அறியாமல் அக்காரியத்திலே தமக்கென வாணிகம் செய்து ஊதியம் அடைவாராயின், அவ்வூதியத்தை அமர்த்தியவர் கேட்டுப் பெறலாம் என்பது அச்சட்டத்தின் 216ஆம் பிரிவு. உடையவர் 55 இலட்சம் கேட்க, 60 இலட்சம் எனக் கூறி இடையில் உள்ளதைத் தாமே வைத்துக்கொள்ளும் செயல் எத்தகையது என்பது இதனால் விளங்கும். வேறு ஒப்பந்தம் இல்லாதவிடத்து, எடுத்த காரியம் முடிந்த பின்னரே முகவர்க்கு ஊதியம் உரியது என்பது 219ஆம் பிரிவு. ஆகையால் வீட்டைக் காட்டிய அன்றே முழுத் தரகையும் கேட்பார்க்கு அதனைக் கொடுக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை.

2016ஆம் ஆண்டில் இந்தியப் பாராளுமன்றம் இயற்றிய ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை, மேம்பாட்டுச் சட்டம் தரகர்களை நேராகவே குறிப்பிடுகின்றது. மக்கள் இதனை ‘ரெரா’ என வழங்குவர். அச்சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, பதிவு செய்யப்பட வேண்டிய திட்டங்களிலுள்ள மனைகளையும் குடியிருப்புகளையும் விற்றுத் தரும் தரகர் ஒவ்வொருவரும் மாநில ஆணையத்திலே தம்மைப் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். பதிவெண்ணை ஒவ்வொரு விற்பனையிலும் குறித்தல் வேண்டும். பதிவில்லாது தொழில் நடத்துவார்க்கு நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் தண்டம் உண்டு. அது விற்ற சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு ஐந்து வரை செல்லும். இல்லாத வசதிகளை உண்டெனக் கூறி விற்பதும், பொய் விளம்பரம் செய்வதும் 10ஆம் பிரிவினால் தடுக்கப்பட்டுள்ளன. எந்த ஊடகத்தின் வழியாக இருப்பினும் வாங்குவாரையும் விற்பாரையும் அறிமுகப்படுத்திக் கூலி பெறுபவர் தரகரே என அச்சட்டம் வரையறுத்துள்ளமையால், இணையத்தின் வழி வீடு காட்டுவோரும் அதன்கண் அடங்குவர்.

ஆயினும் ஒன்றைத் தெளிதல் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் எழும் திட்டங்களும், எட்டுக்கு மேற்படாத குடியிருப்புகளைக் கொண்டனவும் இப்பதிவினின்று விலக்கப்பட்டுள்ளன. ஒருவர் பல்லாண்டு வாழ்ந்த பழைய வீட்டை மற்றொருவர்க்கு விற்பதும் இத்தகைய திட்டமன்று. நம் ஊர்த் தெருக்களிலே, தேநீர்க் கடை வாயிலில் நின்று வீடு காட்டும் தரகர் பலர் இச்சட்டத்தின் வேலிக்குப் புறத்தே நிற்பவர். புதிய அடுக்குமாடியில் வீடு வாங்குவோர் தரகரின் பதிவெண்ணைக் கேட்டு, ஆணையத்தின் இணையதளத்திலே சரிபார்த்தல் வேண்டும். பழைய வீடு வாங்குவோர்க்குத் தம் விழிப்பே காவல்.

பத்திரத்தைப் படித்தல்

தரகர் வீட்டைக் காட்டுவர். வீட்டின் உரிமையைக் காட்டுவன பத்திரங்களே. அவற்றுள் முதலாவது மூலப்பத்திரம். அதனைத் தாய்ப்பத்திரம் எனவும் கூறுவர். சொத்து முதலில் எவரிடம் இருந்தது, அதன்பின் எவ்வெவர் கைக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சங்கிலி போல் இடையறாது காணல் வேண்டும். இரண்டாவது வில்லங்கச் சான்று. இதனைப் பதிவுத்துறையின் இணையதளத்திலேயே எவரும் பார்த்துக்கொள்ளலாம். தரகர் கொணரும் தாளைப் பார்ப்பதனோடு நில்லாது தாமே பார்த்தல் நன்று. பதிவான ஆவணங்களே அச்சான்றிற் காணப்படும் என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். பதியாத குத்தகையும், நீதிமன்ற வழக்கும், வாரிசுகளின் உரிமையும் அதன்கண் தோன்றாமற் போதல் கூடும். மூன்றாவது பட்டா. பத்திரத்திலுள்ள புல எண்ணும் பரப்பும் பட்டாவிலுள்ளவற்றோடு ஒத்திருத்தல் வேண்டும். நான்காவது கட்டட அனுமதி. ஒரு மாடிக்கு அனுமதி பெற்று இரு மாடி எழுப்பிய வீடுகளைப் பற்றி எச்சரிக்கை வேண்டும்.

வாரிசுரிமையைப் பற்றித் தனியே ஒரு சொல். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்திலே மகளிர்க்கும் பிறப்புரிமை உண்டென 1989ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலும், 2005ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் சட்டம் செய்யப்பட்டது. “பெண்களுக்கு நகை போட்டுக் கொடுத்தாயிற்று, அவர்கள் கேட்க மாட்டார்கள்” என்னும் சொல்லைத் தரகர் வாயிலாகக் கேட்போர் அதனை விடையாகக் கொள்ளற்க. கேட்க மாட்டாதவர் கையெழுத்திடுவதில் தடை யாது? அவர்தம் கையெழுத்தைப் பெறுதலே விடையாகும்.

விற்பவர் நேரில் வாராது, பொது அதிகாரப் பத்திரம் பெற்ற ஒருவர் வந்து விற்பதும் உண்டு. சில இடங்களிலே அவ்வதிகாரம் தரகர் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கும். அங்கு அவர் இடைநிற்பவரல்லர், விற்பவரே. அதிகாரம் கொடுத்தவர் இறந்தால் அவ்வதிகாரமும் பொதுவாக இறந்துபடும். ஆகவே அவர் உயிரோடு இருக்கின்றாரா, அதிகாரத்தை நீக்கிவிட்டாரா என நேரிற் சென்று அறிதல் வேண்டும். வெறும் அதிகாரப் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் என்னும் மூன்றையும் கொண்டு வீடு கைமாறியதாகக் கொள்ளுதல் செல்லாது என உச்சநீதிமன்றம் 2011ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திலே தீர்ப்புக் கூறியுள்ளது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமே உரிமையை மாற்றும்.

தமிழ் பயிலும் மாணவர்க்கு இவ்விடத்தே ஒரு தனித் தொண்டு உண்டு. பழைய பத்திரங்களின் நடை எளிதன்று. செக்குபந்தி என்றும், மேற்படி என்றும், மாமூல் வழிநடை பாத்தியம் என்றும், சர்வ சுதந்திரம் என்றும் வடமொழியும் உருதும் தமிழும் கலந்து ஒரே வாக்கியமாகப் பக்கம் முழுமையும் ஓடும். பெற்றோர் அதனைக் கண்டு அயர்ந்து, “எல்லாம் சரியாக இருக்கும்” எனத் தாளை மடித்து வைத்துவிடுவர். கல்வெட்டுக்களிலே விலையாவணங்களைப் படித்து நான்கெல்லை காணப் பழகிய நாம், நம் வீட்டுப் பத்திரத்தின் நான்கெல்லையைக் காணாதிருத்தல் நகைப்புக்கிடமாகும். செக்குபந்தி என்பது அந்நான்கெல்லையே. பத்திரத்தைக் கையிலேந்தி அவ்வீட்டின் நாற்புறமும் நடந்து, வடக்கே கூறப்பட்ட வழி வடக்கே உளதா, கிழக்கே கூறப்பட்ட வீடு அவருடையதா எனப் பார்ப்பதற்கு அரைமணி நேரமே வேண்டும். வழிநடை பாத்தியம் என்பது பிறர் நிலத்தூடே நடந்து செல்லும் உரிமை. நம் வீட்டிற்கு அவ்வுரிமை உண்டா, நம் நிலத்தின்மீது பிறர்க்கு உண்டா என்பது பின்னாளில் எழும் பூசல்களுக்கு வித்தாவது.

பத்திரங்கள் கூறாதனவும் சில உள. அவற்றை அயலாரே கூறுவர். கோடையில் நீர் எத்தனை அடியிற் கிடைக்கும், மழைக்காலத்தில் தெருவில் வெள்ளம் எவ்வளவு நிற்கும் என்பனவற்றை அடுத்த வீட்டாரிடமும் மூலைக்கடைக்காரரிடமும் கேட்டறிதல் வேண்டும். 2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னையை அடுத்த முடிச்சூர்ப் பகுதியிலே வீடுகள் நீரில் மூழ்கின. அத்தகைய இடங்களில் வீடு பார்ப்போர் வெயிற்காலத்து ஒரு நண்பகலிற் பார்த்துவிட்டு முடிவு செய்தல் பெரும்பிழை. ஒருமுறை தரகரோடும், ஒருமுறை தனித்தும், கூடுமாயின் ஒருமுறை மழை நாளிலும் சென்று காணுதல் வேண்டும்.

பணமும் ரசீதும்

விலை படிந்தவுடன் தரகர் கூறுவது, “டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுங்கள், வேறு பார்ட்டி வந்துகொண்டிருக்கிறார்” என்பதே. வேறொருவர் வருதல் உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் அவசரம் என்னும் ஒன்றே பெருந்தொகை கொடுப்பதற்குக் காரணமாகாது. முன்பணம் சிறு தொகையாக இருத்தல் வேண்டும். அதனை உடையவர் பெயருக்கே வங்கியின் வழியாகச் செலுத்துதல் வேண்டும். பத்திரத்திற் குறை காணப்படின் திருப்பித் தரப்படும் என எழுதி வாங்கல் வேண்டும். பதிவு பெற்ற புதுத் திட்டங்களிலே, ஒப்பந்தம் எழுதிப் பதியும் முன்னர் விலையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் பெறுதலை 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கின்றது.

மற்றொரு தீய அறிவுரையும் நடமாடுகின்றது. “பத்திரத்தில் அரசாங்க வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதுவோம், மீதியைக் கையிற் கொடுத்துவிடலாம், முத்திரைச் செலவு மிச்சம்” என்பர். தமிழ்நாட்டிலே 2023ஆம் ஆண்டு மாற்றத்தின்படி விற்பனைக்கு முத்திரைத்தீர்வை நூற்றுக்கு ஏழும், பதிவுக்கட்டணம் நூற்றுக்கு இரண்டுமாக, 60 இலட்சத்துக்கு 5,40,000 ரூபாய் ஆகும். இதனைக் கண்டு மலைப்போர் அவ்வறிவுரைக்கு இரையாகின்றனர். அது சட்டத்துக்கு மாறானது என்பது ஒருபுறம். கையிற் கொடுத்த தொகைக்குச் சான்று இல்லை என்பது மறுபுறம். பின்னர் வழக்கு நேரின் எழுதிய தொகையன்றி எழுதாத தொகையைக் கேட்க வாயில்லை. நிலம், வீடு இவற்றின் விற்பனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேற்பட்ட தொகையும் ரொக்கமாகப் பெறுதலை வருமான வரிச் சட்டம் 2015 முதல் தடுத்துள்ளது. அன்றியும் விலை 50 இலட்சமும் அதற்கு மேலும் ஆயின், அதில் நூற்றுக்கு ஒன்றைப் பிடித்து வருமான வரித்துறைக்குச் செலுத்துதல் வாங்குவோன் கடமை. இதனைத் தரகர் பலர் நினைவூட்டுவதில்லை.

விலை வெளிப்படையாக இருத்தலின் சிறப்பை விவிலியத்தின் ஆதியாகமம் 23ஆம் அதிகாரத்திலே காணலாம். ஆபிரகாம் தன் மனைவியை அடக்கம் செய்ய நிலம் வேண்டி, தனக்காக எப்பெரோனிடம் பேசுமாறு அவ்வூராரை இடைநிறுத்தி வேண்டினான்; விலையாகிய 400 சேக்கல் வெள்ளியையோ தானே, எல்லார் முன்னிலையிலும் நிறுத்துக் கொடுத்தான். பேசுதற்குப் பிறர் இருக்கலாம். பணம் கொடுக்கும் கை தன்னுடையதாகவும், கொடுக்கும் இடம் பலர் காணும் இடமாகவும் இருத்தல் வேண்டும். மாட்டுச் சந்தைத் துண்டு வீட்டுக்கு ஆகாது.

தரகர்க்கு நாம் செய்ய வேண்டுவது

இதுகாறும் தரகரிடம் எச்சரிக்கையாக இருக்குமாறு கூறினோம். தரகரும் நம்மிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நிலை உண்டு என்பதனைக் கூறாது விடின் நடுவுநிலை ஆகாது. ஒருவர் வெயிலில் அலைந்து பத்து வீடு காட்டுகின்றார். பதினோராவது வீடு பிடித்துவிடுகின்றது. வாங்குவோன் மறுநாள் தனியே உடையவரிடம் சென்று, “தரகர் இல்லாமல் முடித்துக்கொள்வோம், அக்கூலியை நாம் இருவரும் பங்கிட்டுக்கொள்வோம்” என்கின்றான். படித்தவர் சிலரும் இதனைச் சாமர்த்தியம் எனக் கருதுகின்றனர். அது சாமர்த்தியமன்று, உழைத்தவன் கூலியை மறித்தலாகும். எழுத்தில் ஒன்றும் இல்லாத தரகர் நீதிமன்றம் ஏறுதலும் அரிது. நம்மை ஏமாற்றாதே என ஒருவரைக் கேட்கும் உரிமை, அவரை நாம் ஏமாற்றாதபோதே உண்டாகும்.

ஆதலின் இருதிறத்தார்க்கும் நன்மை தருவது ஒரு சிறு தாள். தரகு நூற்றுக்கு எவ்வளவு, எவரெவரிடம் பெறப்படும், எப்பொழுது கொடுக்கப்படும், விற்பனை முடியாவிடின் யாது செய்வது என்னும் நான்கினையும் எழுதி இருவரும் கையெழுத்திடுதல் வேண்டும். ஒரு பங்கை ஒப்பந்தத்தன்றும் எஞ்சியதைக் கிரயம் பதிவான அன்றும் கொடுப்பது என முடிவு செய்தல் நன்று. “நம்மிடத்து எழுத்து எதற்கு, நம்பிக்கை போதாதா?” என எவரேனும் வினவின், நம்பிக்கை நெடுநாள் நிலைப்பதற்கே எழுத்து என விடை கூறுக. நல்ல தரகர் இத்தாளைக் கண்டு முகம் கோணார். வழக்கறிஞர் பார்க்கட்டும் என்றால், “நன்றாகப் பார்க்கட்டும்” என்பார். குறை ஒன்று உண்டாயின் அதனைத் தாமே முன்னர்க் கூறுவார். அத்தகையோர் ஒவ்வோர் ஊரிலும் உளர். ஒருமுறை கூலியை இழப்பினும், அவர் சொல்லை நம்பி ஒன்பது குடும்பத்தார் தேடிவருவர் என்பதை அறிந்தவர் அவர். எச்சரிக்கை என்பது அத்தகையோரை இகழ்தற்கன்று. அவரை மற்றையோரினின்று பிரித்தறிதற்கேயாம்.

முடிவுரை

சுருங்கக் கூறுமிடத்து, தரகர் வழிகாட்டுவார். வழியின் நலம் தீங்கிற்கு அவர் பொறுப்பாளியாகார். வீட்டைத் தேடுதல், விலையைப் பேசுதல், நாளைக் குறித்தல் என்னும் மூன்றினையும் அவரிடம் ஒப்படைக்கலாம். உரிமையை ஆராய்தல், பணத்தைக் கொடுத்தல், முடிவு செய்தல் என்னும் மூன்றினையும் ஒருபோதும் ஒப்படைத்தலாகாது. விற்பனை நின்றுவிட்டால் எவர்க்கு நட்டம் என்னும் வினாவை ஒவ்வொரு படியிலும் எழுப்பிப் பார்ப்பின், எவர் சொல்லை எவ்வளவு கொள்ளலாம் என்பது தானே விளங்கும்.

நம் பெற்றோர் நமக்கு எழுத்தறிவித்தது தேர்விலே தேறுதற்கு மட்டுமன்று. அவர்கள் வாழ்நாள் உழைப்பெல்லாம் ஒரு தாளிலே அடங்கிக் கையெழுத்துக்குக் காத்திருக்கும் நாளிலே, அத்தாளை அவர்க்கு ஒரு வரியும் விடாது படித்துக் காட்டுதல் மக்களாகிய நம் கடன். அவ்வாறு படித்து வாங்கிய வீட்டிலே அவர்கள் அச்சமின்றி உறங்குவார்களாக.